சவளுக்கு இடமில்லாத பை

கார்ஜ் லே கொனெஸிலிருந்து பாரிஸுக்குள் வரும் டி ரயிலில் நம்மவர்கள் எதையெல்லாமோ தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அரிசி மூட்டை, ஞானஸ்நான வீட்டு அண்டா, ஒருமுறை முழு வாழைக்குலை. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில் ஸ்ரனிஸ்லாஸ் ஏறியபோது பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஐம்பதை நெருங்கும் மனிதர். நரைத்த மீசை, சரிந்த தோள், கண்ணுக்குக் கீழே கருவளையம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் முகம் அது. தோளில் மட்டும் இரண்டு சறுக்குப் பலகைகள்.

எதிர் இருக்கையில் இருந்தான் இதை எழுதுகிறவன். வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"அண்ணை, உதென்ன?"

"பயப்பிடாதையும் தம்பி. ஆரையும் அடிக்கக் கொண்டுபோகேல்லை. மலையில ஏறிச் சறுக்கிறதுக்கு."

"பையுக்குள்ள?"

அவர் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே பளபளவென்று ஓர் அலுமினியத் தகடு. பனி அள்ளும் சவள்.

"ஸ்கியை மறந்திட்டுப் போனாலும் மன்னிப்பாங்கள் தம்பி. இதை மறந்தால் மன்னிக்க மாட்டாங்கள். எனக்குத் தெரியும்."

கார் து நோர் நிலையம் வருவதற்குள் பாதிக் கதைதான் வந்தது. மீதிக் கதை பிறகு, லூயி-பிளாங் தெருவில் அவர் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையின் பின்வாசலில், தேத்தண்ணி ஆறும் இடைவெளிகளில், துண்டு துண்டாக வந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் மன்னார்க்காரர். பிரான்சுக்கு வந்த புதிதில் பாரிஸில் வேலை கிடைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சவுவா மலைப்பக்கம் ஒரு விடுதிச் சமையலறைக்குத் தட்டுக் கழுவப் போனார். நாலைந்து குளிர்காலம் அங்கேதான். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விடுவார்கள், கூப்யூர் என்று பெயர். மற்றவர்கள் படுத்துத் தூங்கினார்கள். இவர் ஒரு சமையற்காரன் போட்டுவிட்டுப்போன பழைய ஸ்கியைக் காலில் மாட்டிக்கொண்டு சரிவில் விழுந்து எழும்பினார். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் விழாமல் இறங்கப் பழகிவிட்டார். கை முழுக்க சவர்க்கார வெடிப்பு, காலில் மட்டும் காற்று. அந்த வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

பிறகு கலியாணம். றஜனி வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், கார்ஜில் அரசாங்க வீடு கிடைத்தது, லா ஷப்பலில் இந்தச் சாப்பாட்டுக்கடை வேலை கிடைத்தது. ஸ்கி போயிற்று. காலையில் இறைச்சி ரோல்ஸ் சுருட்டத் தொடங்கினால் மாலையில் கொத்துரொட்டிக் கல்லின் முன்னால்தான் நிமிர்வார். ஓய்வு நாள் என்று ஒன்று வந்தால் அது யாராவது ஒருவருடைய பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாளாக இருக்கும், இல்லாவிட்டால் சாமத்தியச் சடங்காக, அந்தியேட்டியாக. கோட்டுப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு புறநகர் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். வீடியோக்காரன் கமராவைத் திருப்பும்போது சிரிப்பார். அப்படியே பதினெட்டு வருடம் ஓடிப்போயிற்று.

லியோனல் என்கிற பாண்டிச்சேரிக்காரர் வியாழக்கிழமைகளில் அந்தக் கடைக்கு மீன்குழம்பு சாப்பிட வருவார். பிரெஞ்சு இராணுவத்தில் மலைப் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள். அறுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. ஒரு நாள் அவர் கைத்தொலைபேசியில் ஒரு பனிமலைப் படம் விரிந்திருந்தது. தட்டு எடுக்க வந்த ஸ்ரனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார்.

"உந்த மலைக்குக் கீழ நான் கோப்பை கழுவினனான் அண்ணை."

"அட! ஸ்கி தெரியுமா உனக்கு?"

"ஓம். கொஞ்சம்."

லியோனல் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க மலையேற்ற கிளப்புக்கு வர்றியா? லிஃப்ட்டு கிஃப்ட்டு எதுவும் கிடையாது. பலகைக்கு அடியில தோல் பட்டை ஒட்டிக்கிட்டு நடந்தே மேல ஏறணும். அப்புறம் பட்டையை உரிச்சிட்டு இறங்கணும். பாதை போட்ட சரிவு கிடையாது, காட்டு மலை. ஆனா ஒண்ணு தம்பி. புதுசா ஒருத்தன் வரணும்னா பழைய ஆள் ஒருத்தன் பொறுப்பேத்துக்கணும். நான் ஏத்துக்கறேன்."

அந்தக் குழுவை நடத்துகிறவள் ஆன்ஜெலிக். முப்பது வயது கூட இராத பிரெஞ்சுப் பெண். புதியவரை முதலில் ஒரு சுலபமான மலைக்குக் கூட்டிப்போய்ப் பார்ப்பாள். சரி என்றால் அந்தப் பருவம் முழுக்க இடம். இல்லை என்றால் இல்லை. ஸ்ரனிஸ்லாஸுக்கு அந்த ஒரு நாள்தான் கணக்கு. அதைக் கடந்துவிட்டால் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது யாருடைய மண்டபத்திலும் இல்லாமல் தன் காலில் நிற்கலாம்.

சனிக்கிழமை லீவு கேட்டபோது முதலாளி, "அதுக்கு முன்னால ரெண்டு கிழமையும் லீவில்லாமல் நில்லும், பிறகு போம்," என்றார். நின்றார். கழுத்து நரம்பு தெறிக்க நின்றார்.

லியோனல் ஒரு வியாழக்கிழமை கிளப்புச் சாமான்களைக் கொண்டுவந்து கடை மேசையில் பரப்பினார். பெட்டி போன்ற சின்னக் கருவி ஒன்று. அதற்கு ஆர்வா என்று பெயர். நெஞ்சில் கட்டிக்கொள்ள வேண்டும். பனிக்குள் புதைந்தால் அது அனுப்பும் சமிக்ஞையை வைத்து மற்றவர்கள் தேடுவார்கள். மடித்து வைத்த நீளக் கோல் ஒன்று, பனிக்குள் குத்திப் பார்க்க. பிறகு சவள்.

"இது மூணும் உன் உடம்போட இருக்கணும். ஆர்வா எங்கன்னு காட்டும், கோல் எவ்வளவு ஆழம்னு காட்டும், சவள்தான் வெளியில எடுக்கும். மூணுல ஒண்ணு இல்லேன்னா மத்த ரெண்டும் தண்டம். புரியுதா?"

"விளங்குது அண்ணை."

"நேரத்துக்கு வா. முன்னால போறவன் பலகையை மிதிக்காத. அவ நில்லுன்னா நில்லு. சாப்பாடு அவங்கவங்களோடது. உடம்புக்கு முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லு. அவ்ளோதான் மரியாதை."

விளங்கத்தான் செய்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டில் பை கட்டும்போது வேறொரு மரியாதை குறுக்கே வந்தது.

றஜனி முதல் நாளே மா பிசைந்து, ஆட்டிறைச்சி வதக்கி, ரோல்ஸ் சுருட்டிப் பொரித்து, தகரத் தாளில் பொதி பொதியாகக் கட்டி வைத்திருந்தாள். கூடவே பெரிய போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி.

"இதென்னப்பா, கலியாண வீட்டுக்கே?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "அவை அவை தங்கட சாப்பாட்டைத் தாங்களே கொண்டுவருவினமாம்."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். அது அவையின்ர மரியாதை. முதல் முதல் ஆக்களோட போறீங்கள், வெறுங்கையோடயே போறது? கேட்டால் என்ன சொல்லுவினம்? மன்னார்க்காரன் வந்தான், வாயைப் பாத்துக்கொண்டு நிண்டான் எண்டு."

அவருக்கும் அதே எண்ணம்தான். இல்லாவிட்டால் அவர் மறுத்திருப்பார். கூட வரும் எட்டுப் பேரோடு உட்கார்ந்து தன் பொதியை மட்டும் பிரித்துத் தின்பது என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

பொதியை வைத்தார். போத்தலை வைத்தார். மேல்சட்டையை வைத்தார். சவளின் தகடு போக மறுத்தது. சரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ரோல்ஸ் நசுங்கியது.

"ஐயோ, நசிச்சுப் போடாதையுங்கோ!"

அவர் சவளைக் கையில் பிடித்தபடி யோசித்தார். இருபது வருடமாகச் சமையலறையில் நிற்கிற மனிதர். ஓர் அடுப்படியில் எட்டுப் பேர் வேலை செய்தால் எட்டு அகப்பையா இருக்கும்? ஒருவர் கிளறினால் மற்றவர் வாங்கிக் கிளறுவார். அங்கே எட்டுச் சவள் வரப்போகிறது, ஒன்பதாவது எதற்கு?

"அவை கொண்டுவருவினம்தானே," என்றார், தனக்கே சொல்வது போல. சவளைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். சவள் இல்லாமல் கோல் எதற்கு என்று கோலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆர்வா மட்டும் நெஞ்சில் இருந்தது.

கிளப்பின் இரவுப் பேருந்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கால் இரண்டும் கொத்துக்கல்லின் முன்னால் நிற்பது போலவே விறைத்துக் கிடந்தன. விடியும்போது மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார்கள். மூக்கு மயிர் உறையும் குளிர். ஆன்ஜெலிக் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டு, ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து நடக்கச் சொன்னாள். அவள் கையிலிருந்த ஆர்வா ஒவ்வொரு நெஞ்சுக்கும் கீச்சிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் கடந்தபோதும் கீச்சிட்டது. அவருக்கு அது ஆசீர்வாதம் போல இருந்தது.

"இன்றைக்குப் பனிச்சரிவு அபாய அளவு இரண்டு. மேலே நிழல் பக்கத்துச் சரிவில் கவனம். எல்லாரிடமும் கோல், சவள் இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பிரெஞ்சில் ஆம் என்பதற்கு 'உய்'. எட்டு 'உய்' வந்தது. ஒன்பதாவது 'உய்' ஸ்ரனிஸ்லாஸின் வாயிலிருந்து வந்தது.

அது ஏன் வந்தது என்று இதை எழுதுகிறவன் அவரைக் கேட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையாம். சமையலறையில் ஷெஃப் ஒருவர் எல்லாரையும் பார்த்து ஒன்றைக் கேட்டால் பதில் 'உய் ஷெஃப்' மட்டும்தான். வெங்காயம் வெட்டியாயிற்றா? உய் ஷெஃப். வெட்டாவிட்டாலும் உய் ஷெஃப், பிறகு ஓடிப்போய் வெட்டுவது. இத்தனை வருடம் அந்த வாய்க்கு வேறு பதில் தெரியாது. மலையில் எல்லாரும் ஒருவரையொருவர் நீ என்றே பேசினார்கள், அதுதான் அங்கே பழக்கம். இவர் மட்டும் தன் மகள் வயதுப் பெண்ணை மதாம் என்றார்.

"நன்றாகத் தூங்கினீர்களா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? இப்போதே சொல்லுங்கள், மேலே போய்ச் சொல்லாதீர்கள். ஸ்ரனிஸ்லாஸ், எப்படி?"

"உய் மதாம். நல்லாயிருக்கிறேன்."

ஏறினார்கள். ஆன்ஜெலிக் மெதுவாகத்தான் நடந்தாள். ஆனால் பழக்கமில்லாத காலுக்கு மெதுவும் வேகம்தான். ஒவ்வோர் அடிக்கும் குதி தூக்கி, பலகையை இழுத்து, மறுபடி குதி தூக்கி. பை முதுகில் கல்லாகத் தொங்கியது. பின்தங்கிவிடக் கூடாதே என்று எட்டி நடந்ததில் இரண்டு தடவை முன்னால் போன நிக்கோலாவின் பலகையை மிதித்துவிட்டார். நிக்கோலா பெரிய உடம்புக்காரன், நல்ல மனிதன். முதல் தடவை சிரித்தான். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. சரிவு தொடங்கிய இடத்தில் ஆளுக்காள் இடைவெளி விடச் சொன்னாள் ஆன்ஜெலிக். இவர் இடைவெளி விடவில்லை. இடைவெளி விட்டால் அப்படியே நின்றுவிடுவோம் என்று பயம்.

லியோனல் திரும்பிப் பார்த்தார். "தம்பி, முகம் வெளுத்துப் போச்சு. முடியுதா?"

"பறவாயில்லை அண்ணை."

"நெசமா?"

"ஓம் ஓம். நீங்கள் நடவுங்கோ."

ஒரு சமதரை வந்தது. அதற்கு மேல்தான் பெரிய சரிவு. எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். ஆன்ஜெலிக் ஒரு திருப்பத்துக்கு அப்பால் போய்த் திரும்பி வந்தாள். புதியவர் வந்தால் அவள் எப்போதும் செய்கிற காரியம் அது என்று லியோனலுக்குத் தெரியும், சொல்லத்தான் மறந்துபோனார்.

"ஸ்ரனிஸ்லாஸ், அந்தப் பக்கம் பனிக்குள் ஒரு ஆள் இருக்கிறார். நாங்கள் யாரும் இல்லை, நீ மட்டும்தான். போ."

பனிக்குள் இருந்தது ஓர் ஆர்வாவை வைத்துப் புதைத்த பழைய பை. ஆனாலும் ஸ்ரனிஸ்லாஸ் அங்கே விரைந்தார். தன் கருவியை அனுப்புவதிலிருந்து தேடுவதற்கு மாற்றினார். அம்புக்குறி காட்டிய வழியே போனார். எண் குறைந்துகொண்டே வந்தது. முழந்தாளில் இருந்து பனியோடு பனியாகக் கருவியைத் தேய்த்தார். மிகக் குறைந்த எண் காட்டிய இடத்தில் கையை ஊன்றினார். பின்னால் யாரோ மெச்சிக்கொண்டார்கள். களைப்பெல்லாம் ஒரு நொடி எங்கேயோ போனது.

"நல்லது. கோல்!"

அவர் அசையவில்லை.

"கோல், ஸ்ரனிஸ்லாஸ். நேரம் ஓடுகிறது. சவள்!"

பையைத் திறந்தார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் திறந்தார். தகரத்தாள் பொதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. சுத்தமான அந்தக் குளிர்க் காற்றில் மிளகும் ஆட்டிறைச்சியும் மணத்தன. யாரோ சிரித்தார்கள். உடனே சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் கையால் தோண்டத் தொடங்கினார். மேல் பனி மாவைப் போல வந்தது, அதற்குக் கீழே இறுகிக் கிடந்தது. விரல்களால் பிராண்டினார். கையுறை கழன்றது. வெறுங்கையால் பிராண்டினார். லியோனல் தன் சவளை உருவிக்கொண்டு ஓடிவந்தார். ஆன்ஜெலிக் கையை நீட்டி அவரை மறித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் தோண்டவிட்டாள். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை.

"போதும்," என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து குந்தினாள்.

"கீழே இருந்தது லியோனல் என்று வைத்துக்கொள். உன்னிடம் இருப்பது சாப்பாடு."

"உய் மதாம்."

"சவளை மறப்பது யாருக்கும் நடக்கும். பேருந்துக்கு அடியில் உபரிச் சவள் கிடக்கிறது. காலையில் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். நீ உய் என்றாய். நான் அந்த உய்யை நம்பித்தான் எட்டுப் பேரை மேலே கூட்டிவந்தேன்."

ஸ்ரனிஸ்லாஸ் கழன்ற கையுறையை எடுத்துப் பனியை உதறினார்.

அவள் எழும்பி மற்றவர்களிடம் சொன்னாள். இன்றைக்கு மேலே போவதில்லை. காட்டு வழியாகத் திரும்புகிறோம். இரவெல்லாம் பேருந்தில் குந்தியிருந்து வந்தவர்கள், ஒரு மாதமாகக் காத்திருந்தவர்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் வரிசையாகப் போனது. நிக்கோலா பொதியைப் பார்த்து, "சரி, எப்படியும் கொண்டுவந்துவிட்டாய்," என்று ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, உறைப்பு. இன்னொன்றும் எடுத்தான். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். லியோனல் எடுக்கவில்லை.

"அண்ணை, ஒண்டு எடுங்கோ."

"வேணாம்."

"அண்ணை..."

"உனக்காக நான் வாக்கு குடுத்தேன்யா. பட்டாளத்துல கூட நான் யாருக்கும் அப்பிடிக் குடுத்ததில்ல. சவள் இல்லேன்னு எங்கிட்டயாவது காதுல சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னை அடிச்சிடுவேனா?"

இறங்கும்போது ஸ்ரனிஸ்லாஸின் தொடை இரண்டும் நடுங்கின. ஒரு திருப்பத்தில் விழுந்தார். எழும்பி இன்னொரு திருப்பத்தில் விழுந்தார். கூப்யூர் நேரத்தில் பழகிய கால் அது, மறந்துபோகவில்லை. அதில் பலம்தான் இல்லை. ஆன்ஜெலிக் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கிறாய்?"

வாய்க்குள் அந்தப் பழைய சொல் தயாராக நின்றது. அவர் பல்லைக் கடித்தார். பனியில் நனைந்த விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்தபடி சொன்னார்.

"களைத்துப் போனேன். இன்றைக்கு வந்ததில்லை. பேருந்தில் ஏறும்போதே களைப்பு. ரெண்டு கிழமையாய் ஓய்வில்லை. கால் கேட்கவில்லை."

தனக்கு மேல் நிற்கிற ஒருவரிடம் களைப்பு என்ற சொல்லை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லையாம். திட்டு வரும், இல்லாவிட்டால் இரக்கம் வரும் என்று காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள், வரைபடத்தைப் பார்த்தாள், மரம் வெட்டுகிறவர்கள் போட்ட வண்டிப்பாதை வழியாக இறங்கலாம் என்றாள். அவருடைய தேத்தண்ணிப் போத்தலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அந்தப் பாதை தட்டையாக, நீளமாக, அலுப்பாக இருந்தது. அதில் அவர் விழவில்லை.

பேருந்தில் ஏறுமுன் சொன்னாள். இந்தப் பருவத்தில் இப்போதைக்கு இடம் இல்லை. பாரிஸுக்குப் பக்கத்துக் காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுதல் பயிற்சி நடக்கும். ஒழுங்காக அதற்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் றஜனி கேட்டது ஒன்றுதான்.

"ரோல்ஸ் எல்லாருக்கும் காணுமா இருந்ததோ?"

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சவளும் கோலும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன.

"காணும்," என்றார்.

"பேந்தேன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"களைப்பு."

இரண்டு நாளுக்குள் அதே சொல்லை இரண்டாம் தடவை சொல்லிவிட்டார். றஜனி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் லியோனல் கடைக்கு வரவில்லை. மீன்குழம்பு வைக்கும் நாளெல்லாம் ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடிக் கதவைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப் போனார். பனி இல்லாத காடு. இலைச் சருகுக்குள் கருவியை ஒளித்து வைத்துத் தேடச் சொல்வார்கள், சேற்றைத் தோண்டச் சொல்வார்கள். நெருங்கிய சொந்தத்தில் ஒரு முதல் நன்மை விருந்துக்குப் போகாமல் காட்டுக்குப் போனதில் குடும்பத்துக்குள் பேச்சு எழும்பியது.

"ஸ்ரனிஸ்லாஸ் சவளோட காட்டுக்குள்ள போறாராம். ஆரைப் புதைக்கவோ?" என்று மண்டபத்தில் ஒரு மச்சான் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாராம்.

"புதைக்க இல்லை, கிண்டி எடுக்க," என்று றஜனி பதில் சொன்னாளாம். "நீங்கள் புதைஞ்சாலும் அவர்தான் வந்து எடுக்கோணும், கவனம்."

குளிர்காலம் முடிவதற்குள் ஆன்ஜெலிக்கிடமிருந்து செய்தி வந்தது. வருகிற சனிக்கிழமை ஓர் இடம் இருக்கிறது, வா. அவர் அந்தச் செய்தியை லா ஷப்பல் மேம்பாலத்தின் கீழே நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் அந்த வாரம் கடையில் பெரிய கலியாண ஓடர். புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது படியேற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை கட்டியாகிவிட்டது. சவள் உள்ளே இருந்தது. கோல் உள்ளே இருந்தது. கால்தான் இல்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளின் பக்கத்தில் நின்று ஆன்ஜெலிக்கை அழைத்தார்.

"நான் இந்த முறை வரவில்லை. மிகவும் களைப்பு. மேலே போனால் உங்களுக்குத்தான் சுமை."

இத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்.

"சரி," என்றாள் அவள். "அடுத்த முறை உனக்கு இடம் இருக்கிறது. அந்த முறையும் இப்படியே முன்கூட்டிச் சொல். மெர்சி."

எதற்கு நன்றி சொன்னாள் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. தொலைபேசியை மடியில் துடைத்து உள்ளே வைத்துவிட்டுப் போய் வெங்காயம் வெட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் லியோனல் வந்தார். வழக்கமான மேசையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி வைத்தார். ஸ்ரனிஸ்லாஸ் உள்ளேயிருந்து வந்து மேசையருகே நின்றார்.

"நீ போன் பண்ணி வரலேன்னு சொன்னியாமே," என்றார் லியோனல்.

"ஓம் அண்ணை. ஏலாமல் போச்சுது."

"அவ கிளப்புல எல்லார் முன்னாடியும் சொன்னா. இத்தனை வருஷத்துல முடியலேன்னு முன்கூட்டி போன் பண்ணினவன் நீதானாம். மத்தவனெல்லாம் வந்து பாதி மலையில உக்காந்துக்கிட்டுத்தான் சொல்லுவானுங்க. நான் கூட ஒரு தடவை..." அவர் நிறுத்திக்கொண்டார். "அது கிடக்கு. இன்னிக்கி என்னா மீன்?"

"பாரை."

"தலை இருந்தா போடு. போன தடவை வாலைப் போட்டு ஏமாத்துனியே, அது மாதிரி வேணாம்."

"போன தடவை நீங்கள் வரவே இல்லையே அண்ணை."

"அதுக்கு முந்தின தடவைய்யா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

ரயிலில் அவரைக் கண்டது அதற்கடுத்த குளிர்காலம். அந்தப் பயணத்தில் பெரிய சரிவையும் ஏறி முடித்தாராம். மேலே நின்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டன், வடிவாப் பாக்கேல்லை," என்றார்.

இப்போது ஸ்ரனிஸ்லாஸ் அதே கடையில்தான் வேலை செய்கிறார், கார்ஜில் அதே வீட்டில்தான் இருக்கிறார். கிளப்பில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. முடிந்த மாதம் போகிறார், முடியாத மாதம் அழைத்துச் சொல்லிவிடுகிறார். ஆன்ஜெலிக்கை இன்னும் மதாம் என்றுதான் கூப்பிடுகிறார். றஜனி இப்போதும் ரோல்ஸ் கட்டிக் கொடுக்கிறாள். பொதி பேருந்திலேயே இருக்கும், திரும்பி வந்து எல்லாரும் சாப்பிடுவார்கள். சவள் பையில் இருக்கும். களைப்பு குறையவில்லை.